ரெண்டாம் நம்பர் ஏன் லீவு?

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பாதையில் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதுவரை சமவெளியில் சாதுவாக ஓடிவந்த கார் ஒன்று, ஏழெட்டு வளைவு ஏறியதும் குலுங்க ஆரம்பிக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகம் கூட வேண்டுமே, கூடவில்லை. வெட்டி வெட்டி இழுக்கிறது. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்மினுக்கென்று கண் சிமிட்டுகிறது. பின் சீட்டில் இருக்கும் பாட்டி, “பெட்ரோல் தீந்துபோச்சாடா?” என்கிறார். டேங்கில் பாதிக்கு மேல் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் போய் இதைச் சொன்னால், பானெட்டைத் திறக்கும் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்: “மிஸ்ஸிங் அடிக்குது.” பெயர் சொல்வது சுலபம். எங்கே, ஏன் என்று கண்டுபிடிப்பதில்தான் சுவாரசியம். அதற்கு முதலில் இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம்.

நம் காரில் நான்கு சிலிண்டர்கள். சிலிண்டர் என்றால் உருளை வடிவத் துளை. அதற்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. மேலே ஏறும்போது அந்தக் கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன் ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறி. கலவை பற்றி எரிகிறது, சூடான வாயு விரிகிறது, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அடுத்த ஏற்றத்தில் எரிந்த புகை வெளியே போகிறது. ஆக நான்கு ஓட்டங்களில் ஒன்றுதான் வண்டியை நகர்த்துகிறது. மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்கான ஏற்பாடு. ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் ஓட்டிக் காட்டிய முறை இது. உங்கள் தெருவில் நிற்கிற பெட்ரோல் கார்களும் இதே முறையில்தான் ஓடுகின்றன.

நான்கு சிலிண்டரும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. 1, 3, 4, 2 என்ற வரிசையில் முறை வைத்து எரிகின்றன. ஒரே உரலில் மூன்று பேர் நின்று, ஒருவர் உலக்கை தூக்கும்போது அடுத்தவர் இறக்கி, மாற்றி மாற்றிக் குத்துவதை உங்கள் பாட்டியிடம் கேட்டால் சொல்வார். தாளம் பிசகாதவரை வேலை ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவர்கள் நிறுத்த மாட்டார்கள். ஆனால் அவர் முறை வரும்போதெல்லாம் ஒரு வெற்றிடம் விழும், தாளம் நொண்டும். காரில் அந்த நொண்டலைத்தான் நாம் குலுக்கலாக உணர்கிறோம்.

அந்தத் தாளம் எவ்வளவு வேகம் தெரியுமா? வண்டி சிக்னலில் சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு பன்னிரண்டரை சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் எரியும். அப்படியானால் வினாடிக்கு 25 முறை. அதுவே 3,000 சுற்றுக்குப் போனால் வினாடிக்கு 100 முறை! நீங்கள் ஒரு முறை கண் இமைத்து முடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் எரிந்து முடிந்திருக்கும். இத்தனையில் ஒவ்வொன்றும் சரியாக எரிய மூன்றே மூன்று விஷயம் வேண்டும். நல்ல பொறி. சரியான அளவில் காற்றும் பெட்ரோலும். கலவை கசிந்து ஓடாமல் இறுக்கமாக நெருக்கப்படுவது. மிஸ்ஸிங்குக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் கடைசியில் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கும்.

சரி, அந்த விளக்கு ஏன் கண் சிமிட்டியது? மற்றக் கோளாறுகளுக்கு அது நிலையாக எரியும். ‘வசதிப்படும்போது கொண்டுபோய்க் காட்டு’ என்று அர்த்தம். சிமிட்டினால் ‘இப்போதே வேகத்தைக் குறை, ஓரம் கட்டு’ என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சிலிண்டரிலேயே தங்கிவிடாது. சைலன்சர் பாதையில் போகும். அந்தப் பாதையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. நச்சுப் புகையை மாற்றி அனுப்புவது அதன் வேலை. எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேர்ந்தால் அந்தப் பெட்டிக்குள்ளேயே எரியும். சூடு அளவுக்கு மீறி ஏறினால் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய் பிளக்கில் தொடங்கிய தொல்லை, பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டரில் போய் முடியும்.

நம் கார்க்காரர் விவரம் தெரிந்தவர். மலையேறுவதை விட்டுவிட்டு, மெதுவாக இறங்கி, நாமக்கல்லில் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். கூடவே எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள்.

“ஏனுங்ணா, எந்த சிலிண்டர் எரியலைன்னு எப்படிங்ணா கண்டுபிடிப்பீங்க? எல்லாமே இரும்புக்குள்ள மூடித்தானே இருக்குது?”

“வண்டியையே கேட்டுருவோம் கண்ணு,” என்றார் மெக்கானிக்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படுகிற இடத்துக்குப் பக்கத்தில், 16 ஊசித் துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று ஒளிந்திருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினார். திரையில் ஓர் எண் வந்தது: பி0302. இந்த எண்கள் பல கம்பெனி வண்டிகளுக்கும் பொதுவானவை. 03 என்றால் பொறி, மிஸ்ஸிங் சம்பந்தப்பட்ட பிரிவு. கடைசி 2 என்றால் இரண்டாம் சிலிண்டர். பி0301 என்று வந்திருந்தால் ஒன்றாம் சிலிண்டர். பி0300 என்றால் ‘ஒன்றில் மட்டும் இல்லை, பல இடத்தில் மாறி மாறி’ என்று பொருள்.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. சிலிண்டருக்குள் கேமரா கிடையாது. தீ எரிகிறதா என்று பார்க்கும் கருவியும் பெரும்பாலான கார்களில் கிடையாது. பிறகு வண்டியின் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது?

வேகத்தை வைத்து. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் அதில் 60 பல்லுக்கு இடம் இருக்கும். ஆனால் வேண்டுமென்றே இரண்டு பல்லை விட்டுவிட்டு 58 மட்டும் வைத்திருப்பார்கள். அந்தப் பொக்கை இடம் கடக்கும்போது ‘இதோ ஒரு சுற்று முடிந்தது’ என்று சென்சாருக்குத் தெரியும். ஒவ்வொரு பல்லும் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை கம்ப்யூட்டர் அளந்துகொண்டே இருக்கிறது. 750 சுற்று வேகத்தில் ஒரு பல் கடக்க ஏறக்குறைய 1.3 மில்லி வினாடி. ஒரு சிலிண்டர் நன்றாக எரிந்தால் தண்டு ஒரு சின்ன உந்தல் பெற்று வேகம் கூடும். எரியாவிட்டால் அந்த அரைச் சுற்று கொஞ்சம் தாமதமாகும். தாமதம் எந்த சிலிண்டரின் முறையில் வருகிறது என்று பார்த்தால் போதும். ஒரு முழுச் சுழற்சிக்குத் தண்டு இரண்டு முறை சுற்றுகிறது அல்லவா? இது முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா என்ற குழப்பத்தைத் தீர்க்க, காற்றும் புகையும் போய்வரும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்‌ஷாஃப்டில் இன்னொரு சென்சார் இருக்கிறது.

குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் அடிபட்டால் அந்த அதிர்ச்சி தண்டு வரைக்கும் வந்து, அதையும் மிஸ்ஸிங் என்று கம்ப்யூட்டர் தவறாக எண்ணிவிடலாம். சில கார்களில் இதற்காகவே பிரேக்குக்கான சக்கர சென்சாரையும் கேட்டுப் பார்த்து, ‘இது ரோட்டின் குற்றம், இன்ஜின் குற்றமில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். நம் தெருக்களை நினைத்தால், இதை யோசித்த பொறியாளருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பும் மெக்கானிக்குகள் இதைக் கண்டுபிடித்தார்கள். அம்பாசடர் காலத்தில் வண்டியை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றுவார்கள். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் சத்தம் இன்னும் மோசமாகும். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவே இல்லையோ, அதுதான் ஏற்கெனவே படுத்துக் கிடக்கிற சிலிண்டர். அழகான யோசனை. ஆனால் இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் பெட்ரோல் மட்டும் பாய்ந்து கன்வெர்ட்டருக்குப் போய்விடும். அதனால் இப்போது இதே சோதனையை பெட்ரோலை நிறுத்தித்தான் செய்கிறார்கள்.

இரண்டாம் சிலிண்டர் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஸ்கேனர் இடத்தைத்தான் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை. இங்கே சில இடங்களில் என்ன செய்வார்கள் தெரியுமா? நான்கு பிளக், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நான்கு காயில், பெட்ரோல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, “சரியாயிடுச்சு சார்” என்று பெரிய பில்லை நீட்டுவார்கள். வண்டி சரியாகியிருக்கும்தான். எது கெட்டிருந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எனக்கு அதில் மரியாதை இல்லை.

நம் மெக்கானிக் வேறு வழியில் போனார். இன்ஜினின் தலைமேல் வரிசையாக நான்கு கறுப்புக் காயில்கள், ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒன்று. ஒரு போல்ட், ஒரு ஒயர் கப்ளர், அவ்வளவுதான். இரண்டாவதைக் கழற்றி மூன்றாவதன் இடத்தில் வைத்தார். மூன்றாவதை இரண்டாவதன் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

“அப்படியே பிளக்கையும் மாத்திப் போட்டுட்டா நேரம் மிச்சமாகுமில்லீங்ணா?”

“ரெண்டையும் மாத்திட்டா, மிஸ்ஸிங் மூணுக்கு நகர்ந்துச்சுன்னு வெச்சுக்க. நகர்த்துனது காயிலா, பிளக்கா? எப்படிச் சொல்லுவ?”

அவள் யோசித்தாள். சொல்ல முடியாது. பள்ளி ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று டீச்சர் சொல்கிறார்களே, அதையேதான் இவர் கிரீஸ் கையோடு சொல்கிறார். காயில் குற்றவாளி என்றால் கோளாறு அதோடு மூன்றாம் சிலிண்டருக்குப் போகும். பிளக்கோ, இன்ஜெக்டரோ, வால்வோ குற்றவாளி என்றால் கோளாறு இரண்டிலேயே தங்கிவிடும்.

பழைய எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டு, வண்டியை வெளியே எடுத்தார். நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் போதாதா? போதாது. இந்த வண்டி சமவெளியில் சமர்த்தாகத்தான் இருந்தது. ஏற்றத்தில்தான் மிஸ்ஸிங் அடித்தது. ஆக, மேட்டு ரோட்டில், உயர்ந்த கியரில், அழுத்தி மிதித்து ஏற்ற வேண்டும். ஏற்றினார். குலுங்கியது. திரும்பி வந்து ஸ்கேனரைப் பார்த்தால் பி0303.

காயில்தான்!

ஏற்றத்தில் மட்டும் ஏன் கெட்டது? இந்தக் கேள்வியில்தான் இந்தக் கட்டுரையின் இயற்பியல் முழுவதும் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள், நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி. மின்சாரம் இந்தக் காற்று இடைவெளியைத் தாண்டினால்தான் பொறி. காற்று லேசில் வழிவிடாது. நம்மைச் சுற்றியுள்ள சாதாரணக் காற்றிலேயே ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும். சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்பட்டிருக்கிறது. மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. தாண்டிப் போகிற எலெக்ட்ரான் வேகமெடுப்பதற்குள் எதன் மீதாவது இடித்துவிடுகிறது. அதனால் தேவைப்படும் வோல்ட் பல மடங்காகிறது. சும்மா நிற்கும்போது காற்றுப் பாதை கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள் காற்று கொஞ்சம்தான் போகும். அழுத்தி மிதித்தால் பாதை அகலத் திறந்து சிலிண்டர் நிரம்பக் காற்று வரும். நெருக்கும்போது அழுத்தமும் கூடும். கொல்லிமலை ஏற்றத்தில் பிளக் கேட்கிற வோல்ட் அதிகம். தளர்ந்துபோன காயிலால் அதைக் கொடுக்க முடியவில்லை. பிளக்கை வெளியே எடுத்து இன்ஜினில் தொட வைத்துப் பொறி வருகிறதா என்று பார்க்கிற பழைய பழக்கம் ஏமாற்றுவதும் இதனால்தான். வெளியே நீலமாகப் பளிச்சென்று அடிக்கிற பிளக், உள்ளே நெருக்கத்தில் ஊமையாகிவிடலாம்.

இத்தனை ஆயிரம் வோல்ட் எங்கிருந்து வருகிறது? கார் பேட்டரி வெறும் 12 வோல்ட்தான். காயிலுக்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள். முதல் சுருளில் சில நூறு சுற்று. இரண்டாவதில் அதைப்போல ஏறத்தாழ 100 மடங்கு சுற்று. ‘12 ஐ 100 ஆல் பெருக்கினால் 1,200 தானே? போதாதே!’ என்று கணக்கில் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. இங்கே தந்திரம் மின்சாரத்தைக் கொடுப்பதில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது. முதல் சுருளில் சில மில்லி வினாடி மின்சாரம் ஓடி, ஒரு காந்தப் புலத்தை வளர்க்கிறது. சட்டென்று கம்ப்யூட்டர் மின்சாரத்தை வெட்டுகிறது. காந்தப் புலம் சரிந்து விழுகிறது. காந்தப் புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட் பிறக்கும் என்பது மைக்கேல் ஃபாரடே 1831-இல் லண்டனில் கண்டுபிடித்த விதி. அந்தச் சரிவில் முதல் சுருளிலேயே 300, 400 வோல்ட் எழும்பிவிடுகிறது. இப்போது 100 ஆல் பெருக்குங்கள். 30,000 வோல்ட்டுக்கு மேல்! இதை காரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், ராபர்ட் போஷின் பட்டறையில் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட். 1902-இல் அவர் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோவும் ஸ்பார்க் பிளக்கும் சேர்ந்துதான் இன்ஜின்களை வேகமாக ஓடவிட்டன.

காயிலில் சுருள் ஒயர்களின் காப்புப் பூச்சு வெப்பத்திலும் அதிர்விலும் வயதாகி விரிசல் விட்டால், மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதில் சுலபமான வேறு வழியில் கசிந்துவிடும். சில சமயம் இருட்டில் பானெட்டைத் திறந்தால், காயிலின் ரப்பர் பூட்டிலிருந்து இன்ஜின் உலோகத்துக்கு நீலக் கீற்று ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எலி கடித்த ஒயர், பிளக் குழியில் தேங்கிய மழைத்தண்ணீர் அல்லது கசிந்த ஆயில் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தம்பி தங்கைகளே, இங்கே ஒரு நிமிடம். 30,000 வோல்ட் என்று படித்தீர்கள் அல்லவா? ஓடுகிற இன்ஜினில் காயிலை நீங்கள் தொடவே கூடாது. சாவியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜின் ஓடினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உயிரையே எடுத்துவிடும். பார்ப்பதெல்லாம் பெரியவர்களோடு, தள்ளி நின்று.

காயிலை மாற்றினால் வேலை முடிந்ததா? கார்க்காரர் அப்படித்தான் நினைத்தார். மெக்கானிக் விடவில்லை. “காயில் ஏன் போச்சு?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் அலுமினியத் தலையின் மரை கெட்டுவிடும். ஆறிய பிறகு குழிக்குள் காற்று அடித்துத் தூசியை ஊதினார். இல்லையென்றால் பிளக் வெளியே வரும்போது மண் சிலிண்டருக்குள் விழும். பிறகு நீள பிளக் ஸ்பானரை இறக்கித் திருகி, நான்கையும் எடுத்து, எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று மறக்காமல் வரிசையாக ஒரு துணியில் வைத்தார்.

பிளக்கின் நுனி நிறைய பேசும். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் வெளிர் பழுப்பு நிறம். நன்றாக எரிகிறது என்று அர்த்தம். நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால் படிகிற கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வருகிற வண்டியில் அந்தச் சூடு வராது, கரி படியும். மாறாக 850 டிகிரியைத் தாண்டிப் போனால் நுனியே கனன்று, பொறி வரும் முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதற்கென்று சொன்ன எண்ணுள்ள பிளக்கைத்தான் போட வேண்டும். காய்ந்த கறுப்புப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுத்த கறுப்பு என்றால் ஆயில் உள்ளே கசிகிறது. வெள்ளைவெளேரென்று வெந்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

மூன்றாம் பிளக் ஈரமாக இருந்தது. மெக்கானிக் அவளிடம் காட்டினார். பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. சற்று முன்வரை கெட்ட காயிலோடு, பொறி சரிவரக் கிடைக்காமல் இருந்த சிலிண்டர் அதுதானே! பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவைக்க ஆளில்லை. ஆக, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் நிரபராதி.

பிறகு மெல்லிய தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜை எடுத்தார். ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். இந்த வண்டிக்கு இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. 1.1 தகடு பிளக் முனைகளுக்கு நடுவே தொளதொளவென்று போய்வந்தது. 1.3 போனது. 1.5 தகடும் நுழைந்தது. நான்கு பிளக்கிலும் இதே கதை. ஒவ்வொரு பொறியும் உலோக முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளியைத் தின்றுவிட்டுப் போகிறது. 3,000 சுற்றில் ஒவ்வொரு பிளக்கிலும் வினாடிக்கு 25 பொறி வீதம் பல ஆயிரம் கிலோமீட்டர் தின்றால் இடைவெளி அகலாமல் என்ன செய்யும்? இடைவெளி அகன்றால் கூடுதல் வோல்ட் வேண்டும். கூடுதல் வோல்ட் கொடுத்துக் கொடுத்தே காயில் சீக்கிரம் சாகும். புதுக் காயிலைப் பழைய பிளக்கின் மேல் மாட்டியிருந்தால் கொஞ்ச நாளில் அதுவும் இதே கதிக்கு வந்திருக்கும். 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் இரிடியம் என்ற உலோகத்தை முனையில் வைத்த பிளக்குகள் விலை கூடுதலானாலும் நீண்ட நாள் தேயாமல் நிற்பதும் இதனால்தான்.

ஒருவேளை காயிலை இடம் மாற்றியும் கோளாறு இரண்டிலேயே தங்கியிருந்தால்? தேடல் நீண்டிருக்கும். அடுத்து பிளக்கை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். பிறகு இன்ஜெக்டர்: நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டினால் டிக்டிக்கென்று ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

காற்றும் கணக்குத்தான். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கனஅளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! நம் கார் குடிப்பது பெட்ரோலைவிடக் காற்றைத்தான். காற்று போகிற ரப்பர் குழாயில் விரிசல் விட்டால், அளக்கப்படாத காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து கலவையை நீர்த்துப்போகச் செய்யும். இந்த வகை மிஸ்ஸிங் நம் வண்டிக்கு நேர் எதிர்: சிக்னலில் நிற்கும்போது துடிக்கும், வேகமாகப் போனால் சரியாகும். நிற்கும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் காற்றுதான் வேண்டும், அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகமாகப் போகும்போது அது கடலில் கரைத்த பெருங்காயம். ‘எப்போது மிஸ் அடிக்குது?’ என்று நல்ல மெக்கானிக்குகள் முதலில் கேட்பது இதற்காகத்தான்.

கடைசிச் சந்தேகம் கம்ப்ரெஷன். பிளக்கின் இடத்தில் அழுத்தமானியைத் திருகி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அளப்பார்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், அந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். ஆயில் தற்காலிகமாக அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு சரியாக மூடவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இன்ஜினைத் திறக்காமலே உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று சொல்ல ஒரு கரண்டி ஆயில் போதும் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

நம் வண்டிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரு புதுக் காயில், நான்கு புது பிளக். பிளக்கை முதலில் வெறும் கையால் திருகினார். மரை நேராக உட்காருகிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். பிறகு டார்க் ஸ்பானரால், சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினார்.

“மிச்ச மூணு காயிலையும் மாத்திடலாமாங்ணா?” என்றாள்.

“நல்லா வேலை செய்யறதை எதுக்குக் கண்ணு கழட்டணும்?”

மறுபடி அதே மேட்டு ரோடு, அதே கியர், அதே அழுத்தல். வண்டி ஒரே சீராக ஏறியது. அவள் முன் சீட்டில் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸிங் எண்ணிக்கையைப் படித்தாள்: ஒன்றாம் சிலிண்டர் பூஜ்யம், இரண்டு பூஜ்யம், மூன்று பூஜ்யம், நான்கு பூஜ்யம்.

“இருங்க, இன்னொண்ணு பாக்கணும்,” என்று மெக்கானிக் திரையை மாற்றினார். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பதன் கோடு மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் உயிரோடு இருந்தால் அந்தத் துள்ளலை அது விழுங்கிவிடும். பின்னால் இருப்பதன் கோடு ஏறக்குறைய நேராக ஓடும். உருகிக் கெட்டிருந்தால் பின்கோடும் முன்கோட்டைப் போலவே துள்ளும். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். முன்கோடு துள்ளியது. பின்கோடு 0.7 வோல்ட்டை ஒட்டி நேராகப் போனது.

“கன்வெர்ட்டர் தப்பிச்சுதுங்க. மலையில அப்பவே திருப்புனீங்களே, அதனால,” என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் பில் புத்தகத்தை எடுத்தார்.